கடைசியாக வரக் கேட்ட கார் முதலில் வந்தது: 1968 லண்டன்–சிட்னி ராலி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய ஆய்வு

1968 நவம்பர் 24 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 98 கார்கள் புறப்பட்டன. டிசம்பர் 17 அன்று சிட்னியின் வார்விக் ஃபார்ம் பந்தயத் திடலில் முடிவு அறிவிக்கப்பட்டபோது தகுதியுடன் மிஞ்சியவை 56. வென்றது ஹில்மன் ஹன்டர். இங்கிலாந்தில் குடும்பஸ்தர்கள் வேலைக்கு ஓட்டிப்போகும் 1725 சிசி செடான் அது. பந்தய உலகில் யாரும் அதன் மேல் பணம் கட்டியிருக்க மாட்டார்கள்.

இந்த முடிவை விளக்கப் பெரும்பாலும் ஒரே கதை சொல்லப்படுகிறது. முன்னணியில் இருந்தவர் கடைசி நேரத்தில் விபத்தில் சிக்கினார், இரண்டாமவர் உதவ நின்றார், மூன்றாமவர் ஓசியில் ஜெயித்தார் என்பது அந்தக் கதை. புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் இதில் பாதிதான் சரி. மீதிப் பாதி எங்கே தவறுகிறது, வெற்றிக்கான முடிவுகள் எப்போது எடுக்கப்பட்டன என்பதைத்தான் இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். ஓட்டுநர்களின் பெயர்களைத் தவிர்த்து, அணிகளைக் கார்களின் பெயராலேயே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. நாட்டில் மனச்சோர்வு. டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையின் மேலிடத்தில் இருந்தவர்கள், பிரிட்டிஷ் கார்களின் திறமையை வழிநெடுக உள்ள சந்தைகளுக்குக் காட்டும்படி ஒரு பெரிய ராலி நடத்தலாம் என்று ஒரு மதியச் சாப்பாட்டு மேசையில் பேசி முடித்தார்கள். சிட்னியின் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகையும் சேர்ந்துகொண்டது. முதல் பரிசு 10,000 பவுண்டு. அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை.

லண்டன், பாரிஸ், டூரின், பெல்கிரேடு, இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், டெல்லி, பம்பாய் என்று சுமார் 7,000 மைல். பம்பாயிலிருந்து சூசான் என்ற பயணக் கப்பலில் ஒன்பது நாள் கடல் பயணம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டிலில் இறங்கி, பெர்த்திலிருந்து சிட்னிக்கு இன்னொரு 2,900 மைல். கப்பலில் முதல் 70 கார்களுக்கே இடம் என்று திட்டமிட்டிருந்தார்கள். ஆகவே பம்பாய் வரைக்குமான பாதியே ஒரு வடிகட்டி.

வந்தவர்களும் பலதரம். தொழிற்சாலைகளின் ஆதரவுடன் வந்த தேர்ந்த ராலி ஓட்டுநர்கள் ஒரு பக்கம், சொந்தக் காசில் வந்த ஆர்வலர்கள் இன்னொரு பக்கம். 1930-ஆம் ஆண்டுப் பென்ட்லி ஒன்றைக்கூட ஒருவர் கொண்டுவந்திருந்தார்.

விதி என்ன சொன்னது

இதைப் புரிந்துகொள்ளாமல் முடிவைப் புரிந்துகொள்ள முடியாது. பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. கெடு தாண்டி வந்தால் நிமிடத்துக்கு ஒரு தண்டப் புள்ளி. முன்னதாக வந்தால் புள்ளி ஒன்றும் கூடாது, ஓய்வுதான் கிடைக்கும். கடைசியில் யாருக்குக் குறைந்த புள்ளியோ அவரே வெற்றியாளர்.

பெரும்பாலான பகுதிகளில் கெடு தாராளமாகவே இருந்தது. சோதனை வைத்தது ஒருசில இடங்களில்தான். துருக்கியில் சிவாஸிலிருந்து எர்சின்ஜான் வரை 170 மைலுக்கு 2 மணி 45 நிமிடம் கொடுத்தார்கள். சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர், அதுவும் மண்ணும் மலையுமான சாலையில். ஏறக்குறைய யாராலும் முடியாத கணக்கு.

நீளத்தில் அதற்கு நேர் எதிர் டெஹ்ரான்–காபூல் பகுதி. ஏறக்குறைய 1,500 மைலுக்கு ஏறக்குறைய ஒரு நாள் கெடு. அங்கே வேகத்தோடு தூக்கமும் பிரச்சினை.

ஆக, இந்த ராலி ஒரே நேரத்தில் இரண்டு பரிட்சைகள் வைத்தது. சில மணி நேரம் உயிரைப் பணயம் வைத்து விரட்ட வேண்டும். மற்ற நாட்களில் காரையும் உடம்பையும் கெடாமல் கொண்டுபோக வேண்டும். முதல் பரிட்சையில் நிமிடங்கள் போகும். இரண்டாவதில் தோற்றால் மணிக்கணக்கில் போகும்.

புறப்படுமுன் எடுத்த முடிவுகள்

ஹன்டர் அணியின் தலைமை ஓட்டுநர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு விவசாயி, தேர்ந்த ராலிக்காரரும்கூட. சிட்னியை ஐந்தாறு கார்கள் எட்டினாலே அதிகம் என்பது அவர் கணிப்பு. அதனால் தொழிற்சாலையிடம் அவர் கேட்டது "கடைசியாக வரக்கூடிய ஒரு கார்". கேலி போலத் தோன்றினாலும் சொன்னதில் கணக்கு இருந்தது. போய்ச் சேருகிற கார் இருந்தால் போதும், இடம் தானாக வரும் என்று அவர் நினைத்தார்.

கணிப்பு தவறிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 56 கார்கள் போய்ச் சேர்ந்தன. வெறுமனே போய்ச் சேருவது மட்டும் போதாமல் போயிற்று. ஆனால் அந்தத் தவறான கணிப்பிலிருந்து எடுத்த முடிவு சரியாக அமைந்தது. எளிய எஞ்சின், பின்சக்கர இழுவை, எந்த ஊர் மெக்கானிக்கும் திறந்து பார்த்தால் விளங்கும் அமைப்பு. இதே கார்தான் 1967 முதல் ஈரானில் பெய்கான் என்ற பெயரில் தயாராகிக்கொண்டிருந்தது. டெஹ்ரான் தெருக்களில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது முடிவு காருக்குள் எத்தனை பேர் என்பது. ஹன்டரில் மூன்று பேர். இது பலருக்குச் சின்ன விஷயமாகப் பட்டது. மூன்றாவது ஆள் என்றால் அவரும் அவர் பையுமாக நூறு கிலோவுக்கு மேல் ஏறும். சிவாஸ் போன்ற இடத்தில் அந்த எடை நிமிடங்களைத் தின்னும். அதனால்தான் வேகத்தை நம்பியவர்கள் இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டு பேர் என்றால் ஒருவர் ஓட்ட, மற்றவர் வழி பார்க்க வேண்டும், அல்லது தூங்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. மூன்று பேர் இருந்தால் ஒருவர் எப்போதும் பின்சீட்டில் படுத்திருக்கலாம்.

லண்டனிலிருந்து பம்பாய் வரை

ஐரோப்பா பெரிய சேதமில்லாமல் கழிந்தது. துருக்கியில் ஆட்டம் தொடங்கியது. ஃபோர்டின் லோட்டஸ் கார்ட்டினா அணி சிவாஸ்–எர்சின்ஜான் பகுதியை ஆறே நிமிடத் தாமதத்தில் முடித்தது. சராசரி கிட்டத்தட்ட மணிக்கு 60 மைல். அந்தச் சாலையில் அது அசாத்திய ஓட்டம். பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் கொஞ்சம் நேரத்தை இழந்தாலும், பம்பாயில் கார்ட்டினாதான் முதலிடம். இரண்டாவது ஜெர்மன் ஃபோர்டின் டானஸ், மூன்றாவது சிட்ரோவன் டிஎஸ் 21. இந்த மூன்று கார்களிலும் இரண்டிரண்டு பேர்தான் இருந்தார்கள்.

ஹன்டர் முதல் மூன்றில் இல்லை. ஆனால் நிமிடக் கணக்கில்தான் பின்தங்கியிருந்தது, மணிக் கணக்கில் இல்லை. அந்த நேரத்தில் யாராவது அதைக் கவனித்திருந்தால், இன்னும் 2,900 மைல் மிச்சமிருக்கும்போது சில நிமிட வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்லை என்று சொல்லியிருப்பார்கள். பத்திரிகைகள் கார்ட்டினாவைத்தான் படம் பிடித்தன.

கப்பலில் ஒன்பது நாள். ஓட்டுநர்களுக்கு நல்ல ஓய்வு. கார்களுக்கு அது வெறும் இடைவேளை. பம்பாய் வரை தின்ற அடி எல்லாம் உள்ளே அப்படியே இருந்தது.

பெர்த்துக்குப் பிறகு: மூன்று முன்னணிகள் சரிந்த விதம்

ஆஸ்திரேலியப் பகுதி தூரத்தில் குறைவு, அடியில் அதிகம். கங்காரு குறுக்கே பாய்ந்தால் ரேடியேட்டர் போய்விடும் என்று பல கார்களின் முன்புறம் இரும்புக் கம்பித் தடுப்பு போட்டிருந்தார்கள். யூவான்மி, மார்வெல் லாக் போன்ற சுரங்க ஊர்கள், பிறகு நல்லார்பர் சமவெளியின் முடிவில்லாத நேர் சாலை, அப்புறம் ஃபிளின்டர்ஸ் மலைத்தொடரின் கல்லோடைகள், கடைசியில் விக்டோரியாவின் மலைப்பாதைகள். மூன்று நாள் சொச்சத்தில் இத்தனையும். படுக்கை கிடையாது.

முதலில் விழுந்தது கார்ட்டினா. எஞ்சினில் பிஸ்டன் கெட்டது. அதே நிறுவனத்தின் இன்னொரு கார் பின்னால் வந்துகொண்டிருந்ததால் அதைப் பிரித்துப் பாகங்களை எடுத்து மாட்டினார்கள். பிழைத்துக்கொண்டது, ஆனால் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. அடுத்து டிஃபரன்ஷியல், அதாவது பின் ஆக்சிலின் நடுவே இருந்து சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி, உடைந்தது. பக்கத்தில் சர்வீஸ் வண்டி இல்லை. சாலையோரம் யாரோ ஒருவர் தன் கார்ட்டினாவோடு நின்றிருந்தார். அவரிடம் போய், "உங்கள் காரின் பின் ஆக்சிலை விலைக்குத் தருவீர்களா" என்று கேட்டார்கள். மனிதர் முதலில் தயங்கினார். யார்தான் தயங்க மாட்டார்கள்? கடைசியில் சம்மதித்தார்.

ஆக்சில் மாற்றுவது என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி புரியும். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், பிரேக் குழாயையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் விடுவிக்க வேண்டும், பட்டை வில்லோடு ஆக்சிலைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும், ஷாக் அப்சார்பரைப் பிரிக்க வேண்டும். இதை இரண்டு கார்களில் செய்து, ஒன்றில் திரும்ப மாட்டி, பிரேக் எண்ணெயிலிருந்து காற்றையும் எடுக்க வேண்டும். பணிமனையில் நிதானமாகச் செய்தாலே அரை நாள் வேலை. அவர்கள் 80 நிமிடத் தாமதத்தில் முடித்தார்கள். கைவேலையாகப் பார்த்தால் இந்த ராலியில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பேன். ஆனால் பட்டியல் கைவேலைக்குப் புள்ளி தருவதில்லை.

கார்ட்டினா பின்தங்கியதும் சிட்ரோவன் முதலிடத்துக்கு வந்தது, டானஸ் இரண்டாவது, ஹன்டர் மூன்றாவது. பிறகு டானஸ் ஒரு கேட் கம்பத்தில் மோதி, சக்கரங்களைத் திருப்பும் கம்பியான ஸ்டீயரிங் டை ராட் உடைந்தது. இதோடு ஹன்டர் இரண்டாம் இடம், பெரிய ஆஸ்டின் 1800 மூன்றாம் இடம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கார்ட்டினாவுக்கு நேர்ந்தது இயந்திரக் கோளாறு. டானஸ் கம்பத்தில் மோதியதற்குக் களைப்புதான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் எதுவுமில்லை. ராலியில் யாரும் எப்போதும் மோதலாம். ஆனால் கடைசி மூன்று நாளில், பம்பாயில் முன்னால் இருந்த மூன்று இரண்டு-பேர் அணிகளும் வரிசையாக விழுந்ததை வெறும் தற்செயல் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை.

நவ்ரா

சிட்ரோவன் நவ்ரா சோதனை நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தைய பகுதி அது. அதற்கப்புறம் சிட்னிக்கு 98 மைல்தான். நிமிடங்களை இழக்கக்கூடிய கடினமான இடங்கள் எல்லாம் முடிந்த மாதிரிதான். தலைமை ஓட்டுநர் பெல்ஜியத்தைச் சேர்ந்தவர். அதே ஆண்டு செப்டம்பரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கூட்டணியில் ஒருவர். அப்போது ஸ்டீயரிங்கில் இருந்தது அவருடைய பிரெஞ்சுத் துணை ஓட்டுநர்.

எதிரே ஒரு மினி வந்தது. போட்டியில் சம்பந்தமில்லாத கார். நேருக்கு நேர் மோதின. சிட்ரோவன் நொறுங்கியது, தீப்பிடித்தது, ஓட்டுநர் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள்.

முதலில் அங்கே வந்து சேர்ந்தது ஆஸ்டின் 1800. சாலையில் அது ஹன்டருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, புள்ளியில்தான் பின்னால். அணி உடனே நின்றது. தீயை அணைத்தார்கள், காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். அடுத்து வந்த ஹன்டரும் வேகத்தைக் குறைத்தது. நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, போய்க்கொண்டே இருங்கள் என்று கையசைத்து அனுப்பினார்கள். ஹன்டர் போனது. கொஞ்ச நேரத்தில் ஆஸ்டினும் கிளம்பியது.

அந்தப் பகுதியில் ஹன்டருக்கும் தண்டப் புள்ளி இல்லை, ஆஸ்டினுக்கும் இல்லை.

முடிவுப் பட்டியல்

ஹன்டர் 50 புள்ளி. ஆஸ்டின் 1800-க்கு 56. மூன்றாவது ஃபோர்டு ஆஸ்திரேலியாவின் ஃபால்கன் ஜிடி, 62. நான்காவது போலந்து அணியின் போர்ஷே 911, 63. ஐந்தாவது இன்னொரு ஆஸ்டின் 1800, 68. ஆறாவது இன்னொரு ஃபால்கன், 70. பத்தாயிரம் மைலுக்கு முதல் ஆறு கார்களுக்கும் இடையே 20 நிமிடம். ஃபால்கன்கள் 3, 6, 8 ஆகிய இடங்களைப் பிடித்து அணிப் பரிசை வென்றன. கார்ட்டினா 144 புள்ளியோடு பத்தாவது.

கதையும் கணக்கும்

முதல் விஷயம்: ஆஸ்டின் அணி உதவ நின்றதால் வெற்றியை இழந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். அது நடக்கவில்லை. விபத்துக்கு முன்பே ஹன்டர் புள்ளியில் அவர்களைவிட முன்னால் இருந்தது. நின்றதற்காக ஒரு புள்ளிகூடப் போகவில்லை. அவர்கள் நின்றபோது அது தெரியாது என்பதால் செயலின் மதிப்பு குறையாது. ஆனால் வெற்றியைத் தியாகம் செய்தார்கள் என்பது அழகுக்காகச் சேர்த்தது, ஹன்டர் அணியை அநியாயமாகக் குறைத்துக் காட்டுவது.

இரண்டாவது: ஆக்சில் உடையாமல் இருந்தால் கார்ட்டினா வென்றிருக்கும் என்பார்கள். அந்த 80 நிமிடம் முழுக்கத் தண்டப் புள்ளியாக மாறியது என்றே வைத்துக்கொள்வோம். 144-இல் 80 போக 64. அது ஐந்தாம் இடம். பிஸ்டனும் கெடாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டு பெரிய கோளாறுகளையும் கழித்துவிட்டு ஒரு காரை மதிப்பிடுவது ராலியையே கழிப்பதற்குச் சமம்.

மூன்றாவதுதான் உண்மையான கேள்வி. மினி எதிரே வராவிட்டால் சிட்ரோவன் வென்றிருக்கும். ஆமாம், அதை மறுக்க முடியாது. ஹன்டர் அதிர்ஷ்டத்தால் வென்றதா என்றால், கடைசி ஒரு படி ஏறியது அதிர்ஷ்டம். அந்தப் படிக்குக் கீழே நிற்கும் தகுதியைத் தந்தது புறப்படுமுன் எடுத்த இரண்டு முடிவுகள்.

ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் மூன்று இடங்களிலும் வந்த கார்களில் மூன்று மூன்று பேர். ஐந்தாவதிலும் அப்படித்தான். இதை விதியாக்கக் கூடாது என்பதற்கும் அதே பட்டியலில் சாட்சி இருக்கிறது. நான்காவது வந்த போர்ஷேயிலும் ஆறாவது ஃபால்கனிலும் இரண்டு பேர்தான். 1970-இல் வெம்ப்ளியிலிருந்து மெக்சிகோவுக்கு நடந்த உலகக் கோப்பை ராலியில் 96 கார்கள் புறப்பட்டு 23 மட்டுமே முடித்தன. வென்ற ஃபோர்டு எஸ்கார்ட்டில் இரண்டு பேர்.

என் மதிப்பீடு இது: 1968-இன் கெடு அமைப்பு தூக்கத்துக்கு அதிக விலை வைத்தது. அந்த விலையை முன்கூட்டியே கட்டியவர்களுக்கு அது கைகொடுத்தது. வேறு அமைப்பில் வேறு விடை வரும்.

எது மாறியிருக்க வேண்டும்

அமைப்பாளர்கள் பக்கம் ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது. கெடு நெருக்கும் பகுதிகளைப் பொதுப் போக்குவரத்து உள்ள சாலைகளில் வைத்தார்கள். சிவாஸ் பாதையிலும் எதிரே லாரி வரலாம், நவ்ராவிலும் எதிரே மினி வரலாம். பல நாள் தூங்காத ஓட்டுநரை, நிமிடத்துக்குப் புள்ளி போகும் சாலையில், ஊர்க்காரர் ஒருவரின் கார் எதிரே வரும்படி விட்டது தவறு. ஊர்க்காரர் எந்தப் பந்தயத்துக்கும் கையெழுத்துப் போடவில்லை. வேகப் பகுதிகளைச் சாலை மூடி நடத்துவதும், இடைப்பட்ட தூரங்களைச் சாதாரண வேகத்துக்கே போதும்படி விடுவதும் ராலிகளில் பின்னர் வழக்கமாயின. 1968-இலேயே கடைசிப் பகுதிகளில் மட்டுமாவது அதைக் கண்டிப்பாகச் செய்திருக்கலாம்.

கட்டாய ஓய்வும் போதவில்லை. நீண்ட ஓய்வென்று கிடைத்தது கப்பல் பயணம்தான். பெர்த்–சிட்னி நடுவே எட்டு மணி நேரம் எல்லாக் கார்களையும் பூட்டி வைத்திருந்தால், சிட்ரோவன் அணி நவ்ராவை வேறு நிலையில் எட்டியிருக்கலாம். அந்த ஓய்வு ஹன்டரின் மூன்றாவது ஆளுடைய சாதகத்தையும் குறைத்திருக்கும். அதுவும் நியாயமே.

அணிகள் பக்கம், கார்ட்டினா அணி தன் வேகத்தைப் பம்பாய்க்கு முன்பே செலவழித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். அது பின்புத்தி. அவர்கள் கையில் இருந்த கார் வேகக் கார். அதை மெதுவாக ஓட்டச் சொல்வதற்குப் பதில் வேறு காரைக் கொடுத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு

சிட்ரோவனின் பெல்ஜிய ஓட்டுநர் காயத்திலிருந்து மீண்டு பந்தயத்துக்குத் திரும்பினார். 1969 மார்ச் இறுதியில் லெ மான் சோதனை ஓட்டத்தில் நடந்த விபத்தில் இறந்தார். ஹில்மன் ஹன்டரின் ஈரானிய வடிவமான பெய்கான் 2005 வரை தயாரானது.

1977-இல் லண்டன்–சிட்னி ராலி மறுபடி நடந்தது. இந்த முறை இந்தியப் பகுதி பம்பாயில் முடியாமல் மதராஸ் வரை நீண்டது. அங்கிருந்து கார்கள் கப்பலில் பினாங்குக்குப் போயின. ஹன்டரை ஓட்டிய அதே ஸ்காட்லாந்துக்காரர் மெர்சிடிஸ் 280ஈ-யில் வந்து மீண்டும் வென்றார். காருக்குள் மறுபடியும் மூன்று பேர், அதில் ஒருவர் 1968-இல் ஹன்டரில் கூட வந்தவர். நவ்ராவில் நின்று உதவிய ஓட்டுநரும் வந்திருந்தார். அவர் மூன்றாவது. ஓட்டியது ஒரு சிட்ரோவன்.